ஹாட் டப் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேட்டி_குமரன்:
2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸில் கரண்ட் போய், குழாயிலும் தண்ணீர் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஹூஸ்டனில் 17 முதல் 21-ஆம் தேதி வரை கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டு ஹாட் டப்பில், அதாவது வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டியில், 400 கேலன் இருக்கிறது (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்). ஆளுக்குத் தினம் 1 கேலன் என்றால் நாலு பேருக்கு 100 நாள். குளோரின் அளவை ஒழுங்காகச் சோதிக்கிறேன். கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன?

செல்வி_ஹூஸ்டன்:
வேண்டாம் குமரன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரைந்த ரசாயனம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பும், குளோரின் சீக்கிரம் தீராமலிருக்கச் சேர்க்கிற சயனூரிக் அமிலமும் இன்னும் அடர்த்தியாகும். ஹாட் டப் மாதிரி ஸ்பா தண்ணீர் கழுவத் துடைக்க மட்டும்தான், குடிக்க அல்ல என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் சொல்கிறது.

கேட்டி_குமரன்:
குடிநீரிலேயே லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கலாம். என் டப்பில் 3தான்.

செல்வி_ஹூஸ்டன்:
குளோரின் ஒன்றையே பார்க்கிறீர்கள். வியர்வை, சிறுநீர், சன்ஸ்கிரீன், நுரை அடக்கும் மருந்து எதையும் அந்தச் சோதனைப் பட்டை காட்டாது. நீச்சல் குளத்தைவிட இங்கே தண்ணீர் குறைவு, ஆளுக்கு அழுக்கு அதிகம். கரண்ட் போனதும் பம்ப் நின்றுவிடும், குளோரினும் தீரும். அந்த வெதுவெதுப்பு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகத் தோதான இடம்.

ரவி_ஆஸ்டின்:
வேறு தண்ணீரே இல்லையென்றால்? குழந்தைகள் தாகத்தில் வாடும்போது சயனூரிக் அமிலம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆவியாக்கி வடித்தால் உப்பெல்லாம் அடியில் தங்கிவிடுமே.

செல்வி_ஹூஸ்டன்:
உப்பு தங்கும், சரி. எளிதில் ஆவியாகும் ரசாயனம் சில கூடவே வந்துவிடும். அதோடு ஒரு கேலனை முழுக்க ஆவியாக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும்? அந்தப் பனிப்புயலில் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கார்பன் மோனாக்சைடில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் இங்கே எத்தனை! அந்த ஆபத்துக்கு யாரும் போகாதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே நல்ல தண்ணீர் இருக்கிறது ரவி. டேங்க் வைத்த வாட்டர் ஹீட்டரில் 40, 50 கேலன் நிற்கும். கரண்டையோ கேஸையோ அணைத்து, உள்ளே வரும் வால்வை மூடி, மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடியிலுள்ள வடிகாலில் பிடிக்கலாம். நன்றாக ஆறிய பிறகு பிடியுங்கள்.

கேட்டி_குமரன்:
2024 பெரில் மாதிரிப் புயல் என்றால் முன்கூட்டியே தெரியும். டப்பைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பினால்?

செல்வி_ஹூஸ்டன்:
டப்பின் உள்குழாய்களில் படிந்த கிருமிப்படலம் அப்படியே இருக்குமே. அதற்குப் பதில் குளியல் தொட்டிக்குள் விரிக்கிற குடிநீர்ப் பை வாங்கி நிரப்புங்கள். டப் தண்ணீரைக் கழிவறைக்கு வையுங்கள். ஒரு ஃப்ளஷுக்கு 1.6 கேலன் என்றால் 400 கேலன் 250 தடவைக்கு வரும். 2021-இல் பக்கெட் தண்ணீருக்கு அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ரவி_ஆஸ்டின்:
என் வீட்டில் டேங்க் இல்லாத ஹீட்டர். பாட்டிலும் தீர்ந்து, கேம்பிங் அடுப்பும் இருந்தால் வெளியே வைத்து வடித்துத்தான் குடிப்பேன். தாகத்தில் விடமாட்டேன்.

செல்வி_ஹூஸ்டன்:
டேங்க் இல்லையென்றால் இன்றைக்கே ஆளுக்கு 14 கேலன் வாங்கி வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும்.

கேட்டி_குமரன்:
ஹீட்டர் வடிகாலில் தோட்டத்து ஹோஸ் மாட்டலாமா?

செல்வி_ஹூஸ்டன்:
கூடாது. குடிநீருக்கென்று விற்கிற ஹோஸ் வாங்குங்கள், கேம்பர் வண்டிச் சாமான் கடையில் கிடைக்கும். முதலில் வருவது வண்டலாக இருக்கும், அதைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள்.