ஏழு வருஷத்துக்குப் பிறகும் விரலில் ஒட்டிய வாசனை

இது சாட்சி இல்லை. சாட்சியெல்லாம் சபையில் 2 தடவை மைக் பிடித்துச் சொல்லியாயிற்று, "பதினெட்டு வருஷம் குடித்தேன், ஒரே ராத்திரியில் ஆண்டவர் விடுதலை கொடுத்தார்" என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை, அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வந்த சனிக்கிழமைகளைப் பற்றி நான் எங்கேயும் வாய் திறக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இந்த வாரம் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாண வீடு, கூடப் படித்தவனுடைய மகளுக்கு. முந்தின ராத்திரி முன்பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவனை ஒருத்தன் பின்பக்கத் தென்னந்தோப்புக்குக் கூப்பிட்டான். "நீ குடிக்காண்டாம் மக்கா, சும்மா வந்து இரி." போனேன். தார்ப்பாய் விரித்து, நடுவில் மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும், உப்பும் வத்தல்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று, அதே பழைய ஆட்கள். யாரோ என் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். சபையில் நான் 'பிரதர்', வீட்டில் 'அப்பா', அந்தப் பெயரை ஏழு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

குடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவனுக்கு டம்ளரை வாங்கிக் கொடுத்தபோது கையில் கொஞ்சம் சிந்தியது, நான் கழுவவில்லை. தண்ணீர் இல்லாமல் இல்லை, கழுவவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மூன்று தடவை விரலை முகர்ந்து பார்த்தேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தை நினைத்து அழுதார்களே, வேதாகமத்தில் எண்ணாகமம் 11-இல், மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. அங்கே அடிமைகளாகச் செங்கல் அறுத்ததையும் முதுகில் அடி வாங்கினதையும் ஒருத்தரும் பேசவில்லை. எனக்கும் அன்றைக்கு மாங்காய்க் கீற்றுதான் தெரிந்தது, அடகுக் கடையில் மூழ்கிப்போன என் மனைவியின் சங்கிலி தெரியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? நல்லபடியாக முடிந்த கதைகள் மட்டும் வேண்டாம்.

பதில்:
அண்ணே, நான் மறுபக்கத்து ஆள். என் வீட்டுக்காரர் குடியை விட்டு 3 வருஷம் ஆகிறது. அவருக்குப் பழைய வாழ்க்கை பாட்டில் என்றால் எனக்கு அவர் சட்டைப் பை. அவர் தாமதமாக வந்தால் பையை வாங்குகிற சாக்கில் வாசலிலேயே கிட்டே போய் மூச்சை முகர்வேன், குளிக்கப் போனதும் சட்டைப் பையைத் துழாவுவேன். ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நோன்பு நாட்களில் கறி மீனை விடுவதைவிட இதை விடுவோம் என்று முடிவு பண்ணினேன். பன்னிரண்டாம் நாள் கை போய்விட்டது. உள்ளே ஒரு மருந்துக் கடை ரசீது, அவ்வளவுதான். திரும்பினால் அவர் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சட்டைப் பையை வெளியே இழுத்துத் தொங்கவிட்டுத்தான் கொடியில் போடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ செய்கிறது. இதற்கெல்லாம் சபையில் சாட்சி சொல்ல முடியுமா?

பதில்:
ஞாயிறு பள்ளி நடத்துகிறவன் என்பதால் கதைதான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆதிகாலத்துச் சபைப் பிதா அகஸ்டினுக்கு அலிப்பியுஸ் என்று ஒரு சிநேகிதர். ரோமுக்குச் சட்டம் படிக்கப் போன இடத்தில், வாள் சண்டைக் களத்துக்கு வரமாட்டேன் என்றவரைக் கூட்டாளிகள் பிடித்து இழுத்துப்போனார்கள். "உடம்பைத்தானே கொண்டுபோவீர்கள்" என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருத்தன் விழுந்ததும் கூட்டம் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தார். அப்புறம் இவரே மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டது. காதையும் அடைத்திருக்கலாமே என்று அகஸ்டினே எழுதுகிறார். பின்னால் 387-இல் மிலானில் இருவரும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள், அலிப்பியுஸ் தன் சொந்த ஊருக்கே பிஷப் ஆனார், அது வேறு விஷயம்.

நீங்களும் வாயை மட்டும் மூடிக்கொண்டு தோப்பில் போய் உட்கார்ந்தீர்கள். கோபப்படாதீர்கள், முன்பந்தலில் நறுக்கக் காய் இல்லையா? அந்தக் கூட்டத்தை அறவே விட்டுவிடுவதுதான் நல்லது.

பதில் (முதலில் எழுதியவன்):
சகோதரிக்கு நான் என்ன சொல்ல, அந்தக் கொடியில் தொங்குகிற சட்டை ராத்திரி முழுக்க என் கண்ணிலேயே நின்றது. ஐயா சொன்னது நியாயம், ஆனால் அறவே விடுவது என்னால் ஆகாது, நான் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தபோது என்னைத் தூக்கி வீட்டில் சேர்த்தது சபைக்காரர்கள் இல்லை, இவன்கள்தான். தோப்பு வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கல்யாண வீட்டுக்காரனுக்குப் போன் போட்டு, விரலை முகர்ந்த கதையைச் சொன்னேன். ஏழு வருஷத்தில் முதல் ஆளாக அவனிடம். சிரிப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "லேய், இத முன்னமே சொல்லப்பிடாதா? மறுவீட்டுக்கு ராத்திரி வராதே, மத்தியானமே வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றான், பட்டப்பெயரையும் சேர்த்துத்தான்.

நேற்று மத்தியானம் போனேன். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நாங்கள் இரண்டு பேர்தான். மரச்சீனி ஆறிப்போயிருந்தது, மீன் குழம்பு நன்றாக இருந்தது.