இன்சூரன்ஸ் கட்டாத நெல்லுக்கு வெள்ள நிவாரணம் கிடைக்குமா? (கம்பம் பள்ளத்தாக்கு)

கேள்வி: வயக்காடு
கூடலூர் பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட் நெல். பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்று பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. காப்பீடு கட்டவில்லை. பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. கேரளத்து வண்டன்மேட்டில் அரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டமும் மண் சரிந்து போச்சு. இரண்டுக்கும் இங்கேயே மனு கொடுக்கலாமா? 72 மணி நேரம் தாண்டிவிட்டதால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: வரப்பு
72 மணி நேரத்துக்குள் சேதத்தைச் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கெடு காப்பீடு கட்டினவங்களுக்கு. நிவாரணம் பேரிடர் நிதியிலிருந்து வருவது, பிரீமியம் கட்டினீர்களா என்று அதில் கேட்க மாட்டார்கள். ஆனால் மனு கொடுத்ததற்காக மட்டும் பணம் வராது. வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து வயலில் கணக்கெடுத்து, கலெக்டர் அறிக்கை போய், அரசாணை வந்தால்தான் உண்டு.

சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2022-26 விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய் என்று இருந்தது. உச்சவரம்பு 2 ஹெக்டேர். உங்களுக்கு 0.485 ஹெக்டேர், அந்தக் கணக்கில் சுமார் 8,250 வரும். உழவுக் கூலிக்கும் உரத்துக்குமே பத்தாது. இது அடுத்த போகத்துக்கான இடுபொருள் மானியம், நஷ்ட ஈடு என்று எண்ண வேண்டாம்.

பதில்: அடங்கல்
சிக்கல் பெரும்பாலும் அடங்கலில்தான், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் கணக்கில். விஏஓவிடம் இந்தப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கலைக் கேட்டு வாங்கி மூன்றை மட்டும் பாருங்கள்: சர்வே உட்பிரிவு எண், பயிர், பரப்பு. போன போகத்துப் பயிரே தொடர்ந்து எழுதியிருக்கும், அல்லது 0.48.5 என்பது 0.45 ஆகியிருக்கும். கணக்கெடுப்பு முடிந்து பட்டியல் மேலே போனபின் திருத்துவது மகா பாடு.

பட்டா அப்பா பெயரில் என்றால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், நீங்கள்தான் சாகுபடி செய்கிறீர்கள் என்று விஏஓ தரும் சான்று, மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு இ-சேவையில் இப்போதே போட்டுவிடுங்கள். குத்தகை நிலமானாலும் அதே சாகுபடிச் சான்றுதான் கைகொடுக்கும், இல்லாவிட்டால் பணம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விடும்.

இன்னொன்று, குழு வந்து பார்க்கும் முன் அறுக்காதீர்கள். அறுத்த வயலைக் காட்டி 33 சதவீதத்தை நிரூபிக்க முடியாது. முளைக்க ஆரம்பித்து அறுத்தே ஆகணும் என்றால் உதவி வேளாண் அலுவலரிடம் சொல்லிவிட்டு, சர்வே கல் தெரிகிற மாதிரி படம் எடுத்து, ஒரு ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்து அறுங்கள்.

பதில்: மலையோரம்
ஏலத்துக்கு இங்கே மனு கொடுத்தால் வாங்கவே மாட்டார்கள். நிலம் எந்த மாநிலத்தில் இருக்கோ அந்த மாநிலம்தான் கொடுக்கும், ரேஷன் கார்டு எங்கே என்பது கணக்கில்லை. வண்டன்மேடு இடுக்கி மாவட்டம், ஆகவே அந்த ஊர் கிருஷிபவன் (வேளாண் அலுவலகம்)தான். கேரள வேளாண்துறையின் எய்ம்ஸ் (AIMS) இணையதளத்தில் விவசாயியாகப் பதிந்து, நடப்பு ஆண்டு நிலவரி ரசீது, வங்கிக் கணக்கு, சேதப் படம் ஏற்ற வேண்டும். செடியோடு நீங்களும் படத்தில் இருப்பது நல்லது. அங்கே நாள் கெடு குறுகியது, இன்றைக்கே போன் போடுங்கள். வரி ரசீது பழையதாக இருந்தால் முதலில் வில்லேஜ் ஆபீஸில் கட்டிவிட்டு வாருங்கள்.

பன்றி, யானை அழித்த செடியை இதோடு சேர்த்து எழுதாதீர்கள், அது வனத்துறைக் கணக்கு. கலந்து எழுதினால் முழு மனுவும் முடங்கிவிடும்.

வயக்காடு
பாஸ்புக் கூட்டுறவு வங்கியில் இருக்கு. அது போதுமா?

பதில்: அடங்கல்
பாஸ்புக்கில் இருக்கிற கணக்குக்குப் போகும் என்று நம்ப வேண்டாம். ஆதார் வழியாக அனுப்பினால், கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்கு ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் விழும். பழைய கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிவிடும், பட்டியலில் மட்டும் ‘வழங்கப்பட்டது’ என்று நிற்கும். வங்கியில் எது இணைந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அந்தக் கணக்கு எண்ணையே விஏஓவிடம் கொடுங்கள்.