யூக்கான் ஆறு: சினூக் மீனுக்கு ஏழு வருடத் தடை நியாயமா?

கதிர்வேல்: 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து, கனடாவில் பிறந்து அலாஸ்கா வழியாகப் பெரிங் கடலில் கலக்கும் யூக்கான் ஆற்றில் சினூக் சால்மன் பிடிக்க ஏழு வருடம் தடை போட்டன. அடி விழுவது தப்பான ஆள் மேல் என்பேன். ஆற்றங்கரை யூபிக், அத்தபாஸ்கன் பழங்குடி மக்களுக்கு இந்த மீன்தான் குளிர்காலச் சாப்பாடு. பல ஊருக்கு ரோடே கிடையாது. கடைச் சாமான் விமானத்தில் வருது, விலை கேட்டால் மயக்கம் வரும். பெரிங் கடலில் பொல்லாக் என்ற மீனைப் பிடிக்கிற இழுவைக் கப்பல் வலையிலும் சினூக் மாட்டுது. அந்தத் தொழில் ஜோராக நடக்குது!

நீரோட்டம்: கணக்கைப் பாருங்க. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி, எல்லை தாண்டிக் கனடாவுக்குள் வர வேண்டியது 71,000 சினூக், அதுதான் இலக்கு. 2022, 2023 இரண்டு வருடமும் எல்லையோர ஈகிள் ஊர்ப் பக்கம் சோனாரில் (ஒலியலைக் கருவியில்) எண்ணியது 15,000-ஐக்கூடத் தொடலை. ஏழு வருடம் என்பதும் குத்துமதிப்பு இல்லை, ஒரு தலைமுறை சினூக் கடலுக்குப் போய்த் திரும்புகிற காலம். கப்பல்களுக்கும் 2011 முதல் சினூக் உச்சவரம்பு இருக்கு. அந்த வலையில் விழுவதில் மேல் யூக்கான், அதாவது கனடாப் பக்க மீன் சிறு பங்குதான்னு மரபணுச் சோதனை காட்டுது.

படகுப்பிரியன்: அணையை ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. கனடாவின் ஒயிட்ஹார்ஸில் 1958-ல் கட்டினது. மீன் ஏற, தண்ணி ஓடும் படிமாதிரி 366 மீட்டர் மர ஏணி இருக்கு, சரி. குஞ்சு இறங்குறப்போ டர்பைனில் அடிபடுதே?

நீரோட்டம்: 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுற ஆற்றின் தலைமாட்டில் ஒரே ஒரு அணை. டெஸ்லின், பெல்லி, ஸ்டூவர்ட் துணையாறு எல்லாம் அதுக்குக் கீழேதான் கலக்குது, அங்கேயும்தானே மீன் குறைஞ்சிருக்கு? ஆற்றையே மறிக்கப் பார்த்தது அலாஸ்காவின் ராம்பார்ட் அணைத் திட்டம். ஈரி ஏரியைவிடப் பெரிய நீர்த்தேக்கம்! நல்லவேளை, 1960-களோடு கைவிட்டாங்க.

கதிர்வேல்: அணையை விடுங்க. தண்ணி சூடாகுது, இக்தியோஃபோனஸ் ஒட்டுண்ணி பாதி வழியிலேயே மீனைக் கொல்லுது. அப்போ வலையை மட்டும் நிறுத்தி என்ன ஆகும்? கோடை முகாமில் நீரோட்டமே சுழற்றும் மீன்சக்கரத்தின் கூடையிலிருந்து மீனை எடுத்து, வயிற்றைக் கீறி, தோலோடு நீளவாக்கில் வார்வாராக அறுத்துக் கம்பில் தொங்கவிட்டுப் புகை போடுவாங்க. கத்தியை எந்தச் சரிவில் பிடிக்கணும்னு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். தடை போட்டப்போ பத்து வயசாயிருந்த பிள்ளைக்கு அது முடியறப்போ பதினேழு. சடங்குக்குக் கொஞ்சம் பிடிக்கலாம்னு வழி விட்டிருக்காங்களாம், அது இதுக்கு ஈடாகுமா?

நீரோட்டம்: ஈடாகாது. ஆனா ஒட்டுண்ணியையும் வெயிலையும் நிறுத்த யாராலும் முடியலை, வலையை நிறுத்த முடியும். ஒரு தாய்மீன் தப்பி மேலே போனால் ஆயிரக்கணக்கில் முட்டை.

கதிர்வேல்: அப்படின்னா அதே ஏழு வருடம் கப்பல்களும் கரையில் நிற்கட்டும். அதுக்கு ஒத்துக்குவீங்களா?