46 பிள்ளைகள், 10 கிளவ்: அண்டர் 14 பெண்கள் சாஃப்ட்பால் செலக்‌ஷனை எப்படி நடத்துவது?

கேள்வி: பி.டி. மாஸ்டர்

பெயர் கொடுத்திருப்பவர்கள் 46 பேர். எடுக்க வேண்டியது 16 பேர், கையில் இருப்பது இரண்டு காலை வேளைகள். பாதிப் பேர் கிரிக்கெட் ஆடுபவர்கள், மீதி கோ கோ, த்ரோபால். ஏற்கெனவே சாஃப்ட்பால் ஆடியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். 10 கிளவ் (அதில் ஒன்று இடதுகைக்காரருக்கானது), 3 பேட், ஒரு கேட்சர் செட் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவளுக்கான கவசங்கள்), 2 ஹெல்மெட் இருக்கின்றன. தேர்வாளர்கள் மூன்று பேர். வழக்கம்போல மேட்ச் ஆடவிட்டுப் பார்த்தால் நாலைந்து பேர்தான் கண்ணில் படுகிறார்கள். எதை அளப்பது, எத்தனை மதிப்பெண் போடுவது?

பதில் 1: மூன்றாம்பேஸ்

சார், மேட்ச்சை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரைட் ஃபீல்டில் (மைதானத்தின் வலது கோடியில்) நிற்கும் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பந்துகூட வராது. அவளை என்னவென்று மதிப்பிடுவீர்கள்?

முதல் நாள் நான்கு இடங்கள், இடத்துக்கு 11 அல்லது 12 பேர், 25 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து மாற்றுங்கள். ஓட்டத்துக்கும் பேட்டிங்குக்கும் கிளவ் வேண்டாம். எறிதலைச் சுவரில் வைத்தால் அதற்கும் வேண்டாம். ஆக 10 கிளவும் ஃபீல்டிங் இடத்திலேயே கிடக்கட்டும், தாராளமாகப் போதும்.

எறிதல்: சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்கி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாக்பீஸ் கட்டம். 18.29 மீட்டரில் கோடு. இரண்டு பேஸுக்கு (ரன்னர் ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு) நடுவே உள்ள 60 அடி அதுதான். ஐந்து எறி. கட்டத்துக்குள் விழுந்தால் 2, ஒரு பிட்ச் ஆகிக் கட்டத்துக்குள் போனால் 1. யார் தூரமாக எறிகிறார்கள் என்று போட்டி வைக்காதீர்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்து எறிவார்கள், அந்த எறியில் முதல் பேஸில் ஒருத்தியும் அவுட் ஆகமாட்டாள்.

அதற்கு முன் ஐந்து நிமிடம் பிடியைச் சொல்லிக்கொடுங்கள். சாஃப்ட்பால் சுற்றளவு 12 அங்குலம், கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 9. பன்னிரண்டு வயதுக் கை கிரிக்கெட் பழக்கத்தில் இரண்டு விரலை மேலே வைத்துப் பிடித்தால் பந்து நழுவி மேலே பறக்கும். மூன்று விரல், சின்னக் கையானால் நான்கு. இதைச் சொல்லாமல் சோதித்தால் கைவலுவை அளக்கவில்லை, கை அகலத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஓட்டம்: ஹோமிலிருந்து (பேட்டர் நிற்கும் இடம்) முதல் பேஸ், இரண்டு வாய்ப்பு, நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸைத் தாண்டி நேராக ஓடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரிக்கெட் பிள்ளைகள் கிரீஸ் என்று நினைத்துக் கடைசி மூன்று அடியில் வேகத்தைக் குறைப்பார்கள். ஸ்டாப்வாட்ச் கடைசிவரை ஒரே ஆள் கையில் இருக்கட்டும். கையால் அமுக்கும் நேரத்தில் 0.2 வினாடி பிசகும் என்பதால் 3.5, 3.6 இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள்.

பதில் 2: கிரவுண்ட்பால்

ஃபீல்டிங் பற்றி. பேட்டால் அடித்துக் கொடுக்காதீர்கள். ஒருத்திக்கு லட்டு மாதிரி வரும், அடுத்தவளுக்குக் கல்லில் பட்டு முகத்துக்கு வரும். 10 மீட்டரிலிருந்து கையால் உருட்டுங்கள்: நேராக 3, வலது பக்கம் 3, இடது பக்கம் 3.

பிடித்தாளா விட்டாளா என்பது இரண்டாம்பட்சம், அதுவும் செம்மண் மைதானத்தில். பந்து எகிறும் கணத்தில் முகம் திரும்புகிறதா, தாடை மேலே போகிறதா, அதைப் பாருங்கள். முகத்தைத் திருப்பாமல் நெஞ்சால் தடுத்துக் கீழே விழுந்ததைப் பொறுக்கி எறிபவளை, சுத்தமாகப் பிடித்துக் கண்ணை மூடுபவளுக்கு மேலே வைப்பேன். கிளவ் வேலை ஆறு வாரத்தில் வந்துவிடும், பயம் போக அதைவிட அதிக நாள் ஆகும்.

இன்னொன்று. வலதுகைப் பிள்ளைகள் பலர் கிளவை வலதுகையில் மாட்டுவார்கள், பிடிக்கும் கை அதுதானே என்று. பிடித்த பிறகு கழற்றிவிட்டு எறிவார்கள். சிரிக்காமல், எறியாத கையில் மாட்டச் சொல்லுங்கள். இடதுகைப் பிள்ளைக்குத் தனி கிளவ் வைத்திருப்பது நல்லது. ஆனால் அவளை ஷார்ட்ஸ்டாப்பிலோ (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்) மூன்றாம் பேஸிலோ யோசிக்காதீர்கள், முதல் பேஸுக்கு எறிய ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருப்ப வேண்டும். முதல் பேஸ், அவுட்ஃபீல்ட் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளி மைதானம்) இரண்டும் பொருந்தும்.

கோ கோ பிள்ளைகளைக் கவனியுங்கள் சார். குனிந்தபடியே திசை மாறுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்ஃபீல்டுக்கு (பேஸ்களை ஒட்டிய உள் மைதானத்துக்கு) வேண்டிய கால் அதுதான்.

உயரப் பந்துக்கு டென்னிஸ் ராக்கெட்டும் டென்னிஸ் பந்தும் போதும். எல்லோருக்கும் ஒரே உயரத்தில் அடிக்கலாம், முகத்தில் பட்டாலும் ஆபத்தில்லை. தலைக்கு மேல் போகும் பந்துக்கு முதல் அடி பின்னால் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதில் 3: ஃப்ரண்ட் டாஸ்

பேட்டிங்குக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். தேர்வாளர் கண் சிக்ஸருக்குத்தான் போகும், அது மனித சுபாவம்.

டீயில் (பந்தை உச்சியில் வைத்து அடிக்கும் தண்டு) 5, பிறகு வலைக்குப் பின்னால் அமர்ந்து 6 மீட்டரிலிருந்து அண்டர்ஆர்ம் டாஸ் 8. டீ இல்லாவிட்டால் பி.வி.சி. குழாயை மண்வாளியில் நட்டு உச்சியில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் செருகுங்கள், போதும். தூரத்தை எண்ண வேண்டாம், எட்டில் எத்தனை மட்டையில் பட்டது என்று எண்ணுங்கள். முன்கால் லெக் பக்கம் ஒதுங்கினால் அது பயம். மட்டை செங்குத்தாக வந்தால் அது கிரிக்கெட், பயிற்சியில் மாறிவிடும். அடித்ததும் மட்டையோடு ஓடுபவளை ஒருமுறை திருத்துங்கள், இரண்டாம் முறையும் தூக்கிக்கொண்டே ஓடினால் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் 1 முதல் 4 வரை வையுங்கள். ஐந்து வைத்தால் சந்தேகம் வந்த எல்லோருக்கும் 3 விழும், கடைசியில் முப்பது பேர் ஒரே மதிப்பெண்ணில் நிற்பார்கள். மூவரும் தள்ளி உட்கார்ந்து, பேசிக்கொள்வதற்கு முன் எழுதிவிட வேண்டும். ஒரே பிள்ளைக்கு ஒருவர் 1, இன்னொருவர் 3 போட்டிருந்தால் சராசரி எடுக்காமல் மறுநாள் திரும்பப் பாருங்கள். நெஞ்சில் எண் அட்டை மட்டும் போதும். பெயரும் யாருடைய மகள் என்பதும் தேர்வாளருக்கு வேண்டாம்.

பி.டி. மாஸ்டர்

நன்றி. பிட்சரும் (பேட்டருக்குப் பந்து வீசுபவள்) கேட்சரும்தான் கவலை. விண்ட்மில் (கையை முழு வட்டமாகச் சுற்றி வீசுவது) போடத் தெரிந்தவள் ஒருத்திதான். கேட்சருக்குக் கொஞ்சம் பருமனான பிள்ளையை வைத்துவிடலாமா?

பதில் 4: மூன்றாம்பேஸ்

வேண்டாம் சார், அது பழைய தவறு. முழு செட்டையும் மாட்டிவிட்டு, மூன்று மீட்டரிலிருந்து அவளுக்கு முன்னால் பிட்ச் ஆகும்படி 10 பந்து போடுங்கள். கிளவை நீட்டுபவளைவிட முழங்காலை மண்ணில் போட்டு உடம்பால் மறிப்பவள் கேட்சர். பிறகு குந்தியிருந்து எழுந்து இரண்டாம் பேஸுக்கு ஐந்து எறி. 25.86 மீட்டர், ஒரு பிட்ச்சில் போய்ச் சேர்ந்தாலும் சரி. பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகுதான் ரன்னர் பேஸை விட முடியும் என்பதால் இந்த வயதில் அது போதும்.

பிட்சருக்கு அந்த ஒருத்தியோடு இன்னும் இருவரை எடுங்கள். விண்ட்மில் பழக மாதக்கணக்கில் ஆகும், இப்போது வேகம் பார்க்காதீர்கள். 9 மீட்டரிலிருந்து அண்டர்ஆர்ம் 10 பந்து: கை இடுப்பை ஒட்டி வருகிறதா, கடைசியில் மணிக்கட்டு சொடுக்குகிறதா, ஐந்தாவது பந்துக்குள் பிசகைத் தானே திருத்துகிறாளா. அதுவரை ஸ்லிங்ஷாட் (முழுச் சுற்று இல்லாமல், கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசுவது) போட்டு ஆடலாம், விதிக்கு உட்பட்டதுதான். மணிக்கட்டு முழங்கையைவிட உடம்பிலிருந்து விலகிப் போனால் அம்பயர் இல்லீகல் பிட்ச் (விதிமீறிய வீச்சு) கொடுப்பார்.

கணக்கு: பிட்சர் 3, கேட்சர் 2, இன்ஃபீல்ட் 6, அவுட்ஃபீல்ட் 4, மீதி ஒரு இடம் ஓட்டத்துக்காகவே. அந்த ஒருத்தி கடைசி இன்னிங்ஸில் ரன்னராக இறங்குவாள், பேட்டிங் மோசமானாலும் பரவாயில்லை.

இரண்டாம் நாள் 24 பேரை மட்டும் கூப்பிட்டு முதல் நாள் சொன்ன திருத்தத்தையே சோதித்த பிறகு மேட்ச் விடுங்கள். பட்டியலை எண் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது 17, 18, 19 வரிசையையும் சேர்த்தே ஒட்டிவிடுங்கள். கணுக்கால் பிசகி ஒருத்தி விலகினால் அடுத்து யார் என்ற சண்டை வராது. பிறப்புச் சான்றிதழை முதல் நாள் காலையிலேயே வாங்கிவிடுங்கள், எடுத்த பிறகு வயது தாண்டியது தெரிந்தால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது.