அறிவியல் பொம்மைகள்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு கணம்

அறிவியல் பொம்மையோடு கழிந்த, மறக்க முடியாத ஒரு கணம் எது என்ற கேள்விக்குப் பெங்களூரு வாசகர்கள் எழுதியவை.

அல்சூர் அப்பா

அழுத்தினால் பொத்தான் போல ஒட்டிக்கொள்ளும் மின்சுற்றுப் பெட்டியை இங்கே பலரும் வாங்கியிருப்பீர்கள். என் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அதைத்தான் வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் படத்தைப் பார்த்துப் பலகையில் மோட்டாரையும் சுவிட்சையும் பொருத்திவிட்டாள். விசிறி சுழன்றது. ஆனால் காற்று அவள் முகத்துக்கு வராமல் பலகையின் பக்கமாகவே போயிற்று. நிறுத்தினாள், ஓட விட்டாள், மறுபடியும் நிறுத்தினாள். பிறகு பேட்டரிப் பெட்டியின் மேல் ஒரு விரலை வைத்தபடி மோட்டாரையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலக அழைப்புக்குப் பத்து நிமிடமே இருந்தது. "இங்கே கொடு" என்று பலகையை அவள் கையிலிருந்து வாங்கி, பேட்டரிப் பெட்டியைத் தலைமாற்றிப் பொருத்திக் கொடுத்தேன். மின்னோட்டத்தின் திசை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும் என்று விளக்கமும் சொன்னேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு எட்டு மாதமாக அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த விரல் ஏற்கெனவே பேட்டரியின் மேல்தான் இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இன்னும் அரை நிமிடம் நான் பொறுத்திருந்தால் அவளே திருப்பியிருப்பாள்.

ஹொரமாவு அம்மா

எங்கள் வீட்டுப் பொருள் காந்த உருண்டைகள். மிளகு அளவு, வெள்ளி நிறம், ஒரு பெட்டிக்கு 216. வடிவியல் கற்றுக்கொள்ள நல்லது என்று பெரியவனுக்கு உறவினர் ஒருவர் கொடுத்தார். அவனுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு மூன்று.

விளையாடி முடித்ததும் உருண்டைகளை ஆறுக்கு ஆறுக்கு ஆறு என்று கனசதுரமாக அடுக்கி டப்பாவில் வைப்பது பெரியவனின் வழக்கம். அன்று இரவு அவன் அடுக்கி முடித்தபோது ஒரு மூலையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. பாயை உதறினோம், கட்டிலுக்கடியில் தேடினோம், எவர்சில்வர் தட்டில் கொட்டிப் பத்துப் பத்தாக எண்ணினோம். 214. சின்னவன் சிரித்த முகத்தோடு என் மடியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வலியும் இல்லை, வாந்தியும் இல்லை.

எக்ஸ்ரேயில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் என்றார் மருத்துவர். இரண்டு இருந்து, குடலின் வெவ்வேறு மடிப்புகளில் தங்கிவிட்டால், அவை சுவரின் ஊடாகவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் சிக்கிய சதைக்கு இரத்தம் போகாமல் அந்த இடம் ஓட்டையாகிவிடும். எங்கள் நல்ல நேரம், இரண்டும் இரைப்பையிலேயே இருந்தன. நள்ளிரவில் எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிட்டார்கள். அந்தக் கனசதுரத்தின் உடைந்த மூலை மட்டும் இப்போதும் கண்ணை மூடினால் வருகிறது. பெரியவன் ஒழுங்காக அடுக்குகிறவனாக இல்லாமல் டப்பாவில் அள்ளிப் போடுகிறவனாக இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்குக் காந்தப் பொம்மையே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

மல்லேஸ்வரம் பெரியவர்

என் கதை சிறியது. 1984-இல் என் மகனுக்கு, துளையிட்ட தகரப் பட்டைகளை நட்டு போல்ட்டால் முடுக்கிக் கட்டும் பெட்டி ஒன்று வாங்கினேன். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற அந்த யோசனையின் வழியில் வந்ததுதான் அதுவும். அவன் கட்டிய கிரேனின் கைப்பிடி சுற்ற மறுத்தபோது, போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தச் சொல்லாமல் நானே தளர்த்திவிட்டேன். ஆகவே அல்சூர் தம்பியின் வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஹொரமாவு அம்மாவின் முடிவை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஆபத்து காந்தத்தில் இல்லை; அதன் அளவிலும் வலிமையிலும் இருக்கிறது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய உள்ளங்கை அகலக் கறுப்புக் காந்தத்தை எந்தக் குழந்தையாலும் விழுங்க முடியாது. இரும்புத்தூளையும் ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு மதியம் முழுவதும் அதோடு உட்கார்ந்திருக்கும். நீங்கள் சொன்ன உருண்டைகள் நியோடிமியம் என்ற உலோகம் கலந்த, மிக வலிமையான காந்தங்கள். அவற்றைப் பெரியவர்களின் மேசைப் பொருள் என்று எழுதி விற்பார்கள், நாமோ குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறோம். நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 என்ற எண் பொதுவான பாதுகாப்புக்கு, 15644 மின்சாரப் பொம்மைகளுக்கு. அட்டையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

காந்தத்துக்குப் பயப்படுகிற நாம் பொத்தான் பேட்டரிக்குப் பயப்படுவதில்லை. மினுக்கும் பம்பரம், பேசும் புத்தகம், ரிமோட் என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் வில்லை உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். அதன் மூடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்; நகத்தால் திறக்க முடிகிற மூடி என்றால் வாங்காதீர்கள். விளையாடாத நாட்களில் எந்தப் பெட்டியிலும் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், அது கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

விலையுயர்ந்த பெட்டிகூட அவசியமில்லை. சாதர் பத்ரப்பா சாலைக்கு, நாம் எல்லோரும் எஸ்.பி. ரோடு என்கிறோமே, அங்கே ஒரு சனிக்கிழமை குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். சின்ன மோட்டார், எல்.இ.டி., மின்தடை, பேட்டரி உறை, ஒயர் எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைக்கு. மின்தடை இல்லாமல் ஒன்பது வோல்ட் பேட்டரியை நேராக இணைத்தால் எல்.இ.டி. நொடியில் கருகிவிடும். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை 470 ஓம் மின்தடை தாங்கினால் 15 மில்லி ஆம்பியர் ஓடும், அது போதும். கஸ்தூர்பா சாலையில் 1962-இல் திறக்கப்பட்ட விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். இயந்திரக் கூடத்தில் குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள்.

மடிவாளா வாசகி

பெரியவரே, உங்கள் கணக்கை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் எல்.இ.டி. கருகக் கூடாது என்று எதற்காக இவ்வளவு காவல்? ஓரிரண்டு ரூபாய்ப் பொருள் அது. மின்தடை ஏன் வேண்டும் என்று என் மகளுக்குப் புரிந்ததே முதல் எல்.இ.டி. 'டப்' என்று போன பிறகுதான். பக்கத்தில் நான் இருந்தேன், கண்ணாடி போட்டிருந்தாள், அவ்வளவே.

என்னை உறுத்துவது வேறு. அதே பெண்ணுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனேன். லென்சும் அட்டைக்குழாயும் கொண்டு தொலைநோக்கி செய்கிற பெட்டியை அவளே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பணம் வாங்குமிடத்தில் இருந்தவர், பையனுக்கா பெண்ணுக்கா என்று கன்னடத்தில் கேட்டார். பெண்ணுக்கு என்றேன். பெண்பிள்ளைகளுக்கான வரிசை அந்தப் பக்கம் இருக்கிறது என்று கை காட்டினார். எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்ததால் நான் பதில் பேசவில்லை. அவள் திரும்பி நடந்துபோய்ப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள்; படம் போட்ட பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி வைத்தாள். மறுவாரம் அதையே வாங்கிக் கொடுத்தேன். அன்று நான் வாய் திறக்காததை அது மாற்றிவிடவில்லை.

ஸ்ரீராமபுரம் ஆசிரியை

பெட்டி வாங்குவதைப் பற்றியே பேச்சு போகிறது. எங்கள் பள்ளியில் யார் வீட்டிலும் பெட்டி கிடையாது. ஆகவே தீக்குச்சியும் வால்டியூப்பும்தான். சைக்கிள் வால்வுக்குள் போடும் மெல்லிய ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போய் அங்கே அரவிந்த் குப்தா உருவாக்கியது இது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பில் எல்லோரும் ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்தார்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள் என்றேன். கடைசி வரிசையில், வாய் திறந்தே பேசாத ஒரு பெண், சதுரத்தை அமுக்கினாள்; அது சாய்ந்து தட்டையாகிவிட்டது. முக்கோணத்தை அமுக்கினாள். இன்னும் அழுத்தி அமுக்கினாள். "மிஸ், இது பிடிவாதம் பிடிக்குது" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சதுரத்தை மறுபடி எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இன்னொரு குச்சி வைத்துப் பார்த்தாள். குச்சி நீளம் போதவில்லை. இரண்டு குச்சிகளை இணைத்தாள், அது மிஞ்சியது. பல்லால் கடித்துக் குறைத்தாள். பொருந்தியதும் சதுரம் அசையவில்லை. அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்த மின்கம்பக் கோபுரத்தைக் காட்டி, "அதுக்குள்ளேயும் இதுதான் இருக்கு" என்றாள்.

மதிய மணி அடித்தது. நான் வகுப்பை விட்டுவிட்டேன். மூலைவிட்டம் ஒரு குச்சியைவிட நீளமாகவும் இரண்டு குச்சியைவிடக் குறைவாகவும் இருப்பதை அந்த வயதில் அவளாகவே தொட்டுவிட்டாள் என்பது எனக்கு மாலையில்தான் உறைத்தது. மறுநாள் அதைப் பற்றிப் பேசலாம் என்று காத்திருந்தேன். கட்டட வேலை இடம் மாறியதால் அந்தக் குடும்பம் அந்த வாரமே ஒசூர்ப் பக்கம் போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

பசவனகுடி மகன்

பசவனகுடியின் நிலக்கடலைத் திருவிழாவான கடலேகாய் பரிஷேயில், கார்த்திகைக் கடைசித் திங்கள் அன்று, காளை கோயில் சாலையில் தகர நீராவிப் படகு ஒன்று வாங்கினேன். பின்பக்கம் இரண்டு குழாய், உள்ளே திரி, ஓடும்போது டபடபவென்று சத்தம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் தொட்டியில் விட்டால் நகரவில்லை.

என் அப்பா கோலார் தங்கவயலில், 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை நீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். படகை வாங்கிப் பார்த்துவிட்டு, "குழாயில் காற்று இருக்கிறது, காற்று இருந்தால் எந்தப் பம்பும் இழுக்காது" என்று சொல்லி, வாயில் தண்ணீரை வைத்து ஒரு குழாயில் ஊதினார். மற்றக் குழாயில் தண்ணீர் சொட்டியதும் விரலால் இரண்டையும் அடைத்துத் தொட்டிக்குள் விட்டார். திரியைப் பற்றவைத்த சிறிது நேரத்தில் படகு ஓடத் தொடங்கியது.

என் மகன் கேட்டான்: "தாத்தா, சூட்டில் ஆவி தண்ணீரை வெளியே தள்ளுகிறது, படகு முன்னால் போகிறது. ஆவி குளிர்ந்ததும் தண்ணீரை உள்ளே இழுக்குமே, அப்போது படகு ஏன் பின்னால் வரவில்லை?" எனக்கு விடை தெரியாது. அப்பா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, "ஊது" என்றார். அணைந்தது. மறுபடி ஏற்றி, "அதே தூரத்தில் வாயை வைத்து உறிஞ்சு" என்றார். பையன் கன்னம் ஒட்ட உறிஞ்சினான். சுடர் லேசாக அசைந்ததோடு சரி. "ஊதினால் காற்று ஒரே பக்கமாகப் போய் முட்டுகிறது. உறிஞ்சினால் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தண்ணீரும் அப்படித்தான்" என்றார்.

இதையெல்லாம் நான் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் 'உறிஞ்சினால்' என்று தொடங்கும் இடத்தில், "அப்பா, இங்கே பாருங்க, கேமராவைப் பாருங்க" என்று என் குரல் குறுக்கே வருகிறது. மீதியை என் மகன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அடுத்த தை மாதம் அப்பா காலமாகிவிட்டார். அந்தக் காட்சியில் அவருடைய குரல் இருக்க வேண்டிய இடத்தில் என் குரல் இருக்கிறது.

ஹொரமாவு அம்மா

பெரியவருக்கு: நீங்கள் சொன்ன பெரிய காந்தம் பாதுகாப்பானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் காந்தத்தைப் பார்த்தாலும் என் பெரியவன் இப்போது எண்ணத் தொடங்குகிறான். சின்னவனுக்குச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பம்பரமும் பல்சக்கரங்களும் வாங்கி வந்தோம். அவை பெரியவனுக்கும் போதும் போலிருக்கிறது. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் அடுத்தது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று தம்பிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அல்சூர் அப்பா

இன்று காலை அந்தப் பெட்டியை இறக்கினேன். பெரியவர் சொன்னது போலவே பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்திருந்தது. கசிந்ததைக் கையுறை போட்டு நானே எடுத்துத் துடைத்துவிட்டேன். அது ஒன்றைத்தான் நான் செய்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, உப்புத்தாள் இருக்கிறதா என்று கேட்டாள். சிறு துண்டாக மடித்து ஸ்பிரிங்கைச் சுரண்டுகிறாள். புதுப் பேட்டரி இரண்டு முறை போட்டுப் பார்த்தாயிற்று. விசிறி இன்னும் சுழலவில்லை. அடிப்பக்கத்தில் இன்னும் பச்சை இருக்கிறதாம்.