புதுப்பிப்பு: வெளுத்துப்போன ஹேமர் பவளம், ஆறு வாரம் கழித்து

என் கடல்நீர் மீன்தொட்டியில் ஹேமர் பவளம் (கைகளின் நுனி சுத்தியல் போல இருக்கும் உயிர்ப் பவளம்) வெளுத்து, கைகளை உள்ளிழுத்து, ஓரத்தில் எலும்புக்கூடு தெரிய நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? பிழைத்துக்கொண்டது. மூன்று தலைகளில், அதாவது தனித்தனி வாயுள்ள கிளைகளில், ஒன்று மட்டும் போய்விட்டது.

புது எல்இடி விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிட்டது என் தப்புதான். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் பாசிதான் பெரும்பாலும் அதற்கு நிறமும் சாப்பாடும். வெளிச்சம் மிஞ்சினால் அந்தப் பாசியையே அது வெளியே தள்ளிவிடும். போதாக்குறைக்கு, தண்ணீரின் காரத்தன்மையைச் சோதித்தால் வெறும் 6 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). பார்த்ததும் பதறி மொத்தமாக ஏற்றத்தான் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, நாளுக்கு அரை டிகேஎச் என்று மெதுவாக 8.5-க்குக் கொண்டுவந்தேன். பவளத்தை அடித்தளத்துக்கு, நீரோட்டம் மென்மையாக இருக்கும் மூலைக்கு மாற்றினேன். வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தேன்.

அப்புறம் தீனி. வாரம் இரண்டு முறை பம்பை நிறுத்திவிட்டு, மைசிஸ் இறாலை (தீனியாகப் போடும் குட்டி இறால் வகை) பொடியாக நறுக்கி, பிப்பெட்டால் வாயருகே விடுகிறேன். முதல் மூன்று வாரம் எல்லாம் அப்படியே மிதந்து போனது. தொட்டியில் இருக்கும் துறவி நண்டுக்குத்தான் கொண்டாட்டம். நான்காவது வாரம் ஒரு கை மெல்ல மடங்கி, துணுக்கைப் பிடித்து உள்ளே இழுத்தது. இப்போது நுனிகளில் வெளிர் பச்சை திரும்பியிருக்கிறது.

செத்த தலையை இன்னும் வெட்டவில்லை. பழுப்புக் கூழ் (நோய் வந்த பவளத்தின் மேல் படியும் வழவழப்பு) எதுவும் தெரியாதவரை தொடப்போவதில்லை.