சமநிலை, மின்பகுப்பு, அறியா உப்பு: பயிற்சிக் கணக்குகள் வேண்டும்

வணக்கம். சிங்கப்பூர்த் தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு எச்2 (ஏ நிலைத் தேர்வுக்கான பாடநிலை) வேதியியல் துணைப்பாடத்துக்குக் கணக்குகள் இருந்தால் தந்து உதவுங்கள்.

முக்கியமாகச் சமநிலை. ஹைட்ரஜன், அயோடின் கணக்கில் கொள்ளளவு அடிபட்டுப் போய்விடும். மோலைச் செறிவாக மாற்றாமல் போட்டாலும் விடை சரியாக வருவதால் பிள்ளைகளின் தவறு வெளியே தெரிவதில்லை. டைநைட்ரஜன் டெட்ராக்சைடு நைட்ரஜன் டைஆக்சைடாகப் பிரியும் கணக்கு அப்படியல்ல. 2 லிட்டர் கலனில் 1 மோல் எடுத்து, சமநிலையில் 0.4 மோல் நைட்ரஜன் டைஆக்சைடு இருந்தால் சமநிலை மாறிலி 0.10, கொள்ளளவால் வகுக்க மறந்தால் 0.20. இப்படித் தவறைக் காட்டிக்கொடுக்கும் கணக்குகள்தான் தேவை.

மின்பகுப்பில் 0.5 ஆம்பியர், 1930 விநாடி, 0.32 கிராம் செம்பு போன்ற எளிய எண்கள் போதும். இரண்டு எலக்ட்ரான் என்பதை மறப்பவர்களுக்கு 0.64 வரும்.

அறியா உப்பில் (என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் பகுதி) துத்தநாகம், அலுமினியம், ஈயம் மூன்றும் கலந்து வரட்டும். மூன்றின் வெள்ளை வீழ்படிவும் மிகுதியான சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். மிகுதியான அம்மோனியாவில் துத்தநாகம் மட்டுமே கரையும். சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விடாமல் மொத்தமாக ஊற்றினால் வீழ்படிவே கண்ணில் படாது. அந்தத் தவறைச் சோதிக்கும் கேள்வி யாரிடமாவது உண்டா?

கையெழுத்துப் படமானாலும் சரி, செய்முறையோடு அனுப்புங்கள்.